கைமுக்கும் இரத்தப் பரிசோதனையும்: எச்.ஐ.வி. அச்சத்தின் வேர் குறித்து

ஆணுறையோடு ஒருமுறை நேர்ந்த உறவு. அல்லது முத்தத்தோடும் தொடுதலோடும் நின்றுபோன நெருக்கம். மூன்றாவது வாரம் தொண்டை கரகரக்கிறது, உடம்பு கணகணவென்று இருக்கிறது. அன்றிலிருந்து அந்த மனிதர் கண்ணாடி முன் நாக்கை நீட்டி, வெள்ளை படிந்திருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் தேடுகிறார். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் அமுக்குகிறார். அமுக்கி அமுக்கியே அந்த இடம் வலிக்கத் தொடங்குகிறது. அந்த வலி அவருக்குப் புதிய சான்றாகிவிடுகிறது. பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்த பிறகும் தேடல் ஓய்வதில்லை. விவரம் தெரியாததால் வரும் பயம் இது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் வேர் குற்றவுணர்வில் இருக்கிறது என்பதும், அறிகுறிப் பட்டியல்களும் திரும்பத் திரும்பச் செய்யும் பரிசோதனைகளும் அதற்கு நீர் வார்க்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மருத்துவம். கிருமி புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, நெறிக்கட்டு வருவதுண்டு. ஆனால் இவை சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் உரியவை. இடவப்பாதி மழை, ஐப்பசி மழை இரண்டையும் பெறும் எங்கள் குமரி மாவட்டக் கல்குளம் வட்டாரத்தில் காய்ச்சலுக்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. அறிகுறியை வைத்துத் தொற்று உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. துணைக்குத் தொற்று இருந்து, சிகிச்சையும் ஆணுறையும் இல்லாத நிலையில்கூட, ஒருமுறை நடக்கும் ஆண்-பெண் யோனிவழி உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ 4, பெண்ணுக்கு 8 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. குதவழி உறவில் இது கூடும். எச்சிலாலும் தொடுதலாலும் பரவுவதில்லை. இந்தியாவில் வயதுவந்தோரில் தொற்றுடையோர் ஏறத்தாழ 0.2 விழுக்காடு. இந்த எண்களைச் சொன்னவுடன் பயம் தீர்ந்துவிடும் என்றால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

தீராததற்கு ஒரு வரலாறு உண்டு. 1986இல் சென்னையில் பாலியல் தொழிலாளிகளின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா. வழிகாட்டியவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். சோதனை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. பெரும் மருத்துவச் சாதனை அது. ஆனால் நோயின் பெயர் பொதுமக்களை எட்டியபோதே ஒழுக்கத்தோடு பிணைந்து வந்தது. பிற்பாடு ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழகச் சுவர்களெங்கும் கேட்ட விழிப்புணர்வு விளம்பரம், ஆணுறை என்ற சொல்லை வெளிப்படையாகப் பேசவைத்தது. அந்த நன்மையை நான் குறைத்து மதிக்கவில்லை. என்றாலும், நோய் வருமா என்ற கேள்வியை ஒரு மனிதனின் நடத்தை மீதான கேள்வியாகவே அது மக்கள் மனத்தில் பதித்தது.

பழைய நாஞ்சில் நாட்டு வழக்கம் ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். ஒருகாலத்தில் பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூரில், பாலியல் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் சுசீந்திரம் கோயிலில் கைமுக்கு என்ற சோதனைக்கு உட்பட்டனர். கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும்; பிறகு கையைக் கட்டிவிடுவார்கள்; சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் இருந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் ஆட்சியில் இது ஒழிந்தது. இன்று அஞ்சுகிறவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய காத்திருப்பின் அமைப்பு அதுவேதான்: குற்றம் காமத்தைப் பற்றியது, சாட்சி உடம்பு, தீர்ப்புக்குச் சில நாள் தவணை. இரத்தப் பரிசோதனையோ கிருமி உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். ‘நான் செய்தது மன்னிக்கப்பட்டதா?’ என்று அதனிடம் கேட்பவருக்கு ‘தொற்று இல்லை’ என்ற தாள் விடையாகாது. அதனால்தான் அவர் அடுத்த ஆய்வுக்கூடத்துக்குப் போகிறார்.

எய்ட்ஸ் வந்துவிட்டதென்ற பயத்தாலேயே அதன் அறிகுறிகளை உணர்ந்தவர்களைப் பற்றி பிரிட்டன் மனநல மருத்துவ இதழ் 1985லேயே எழுதியது. வியர்வை, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, எடைக் குறைவு எல்லாம் கவலையாலும் வருபவைதாம். மறுஆண்டு ஆய்வாளர்கள் பால் சால்கோவ்ஸ்கிஸும் ஹிலாரி வார்விக்கும், மீண்டும் மீண்டும் ஆறுதல் சொல்வதே நோய் பற்றிய கவலையை நீடிக்கவைக்கிறது என்று காட்டினர். ஆறுதல் சில மணி நேரம் நிற்கும். பிறகு ‘பரிசோதனை தவறியிருக்குமோ’ என்ற ஐயம் முளைக்கும்.

குற்றவுணர்வே எல்லாம் என்று சொல்லிவிடவும் முடியாது. வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி. உண்டு, தொற்று இருந்தால் விசா கிடையாது. கடன் வாங்கி விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பத்தில், அந்தப் பயத்துக்குப் பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. ஊர் சிறியது என்பது இன்னொன்று: தக்கலை அரசு மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் எவராவது எதிர்ப்படுவார். தொற்றுடையோர்மீது நாம் சுமத்தியிருக்கும் இழிவுதான் தொற்றில்லாதவரையும் இப்படி ஒளியவைக்கிறது. தொடர்ந்து மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர் உறவின் வழியே எவருக்கும் தொற்றைத் தருவதில்லை என்ற செய்திக்கு, புள்ளிராஜாவுக்குக் கிடைத்த சுவரில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது, அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் தொடங்குகிறது. அங்கே பரிசோதனை இலவசம். முன்னும் பின்னும் ஆலோசனை உண்டு. ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும், 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பிலுள்ள 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. உண்மையான ஆபத்து நேர்ந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் 28 நாள் தடுப்பு மருந்து பற்றி முடிவெடுக்கலாம். ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து, ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள், விரல்நுனி இரத்தத்தில் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள் என்பது கெடு. அந்தக் கெடுவுக்குப் பிறகு செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் அதுவே முடிவு. ஆலோசகர் அதைத் தெளிவாகச் சொல்லி, மறுபரிசோதனை வேண்டாம் என்று நிறுத்தி, அந்த மனிதர் எதற்காகத் தம்மைத் தண்டித்துக்கொள்கிறார் என்று கேட்க வேண்டும். தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆலோசகர் பயிற்சியில் இதற்கு இடமளிக்குமாறு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். எச்.ஐ.வி. பற்றிய ஐயங்களுக்கு 1097, மனநல உதவிக்கு 14416. இரண்டு எண்களுக்கும் கட்டணமில்லை.