பாலை 15, முதிரை 64: வன்னி மரங்களின் பழைய அச்சுப்படங்களைத் தேடுவோருக்கு

கண்டாவளையில் வயதான விவசாயி ஒருவரிடம் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். 1795இல் இலண்டனில் வெளிவரத் தொடங்கிய நூலொன்றின் 15ஆவது படம் அது. இலத்தீனில் இருந்த பெயரை அவர் கவனிக்கவில்லை. விரலால் படத்தைப் பெருப்பித்து, “இலை நுனி உள்ளுக்கு வெட்டுப்பட்டிருக்குப் பாருங்கோ பிள்ளை, இது எங்கட பாலை” என்றார்.

சரியாகத்தான் சொன்னார். பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளுமே, அதே பாலைதான்.

கோரமண்டல் கரையின் தாவரங்களைப் பற்றிய அந்த நூலை எழுதியவர் வில்லியம் ரொக்ஸ்பரோ. கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இருந்தவர். இன்றைய ஆந்திராவின் சாமல்கோட்டையில் தங்கியிருந்த காலத்தில் உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு செடிகொடிகளை வரைவித்து இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜோசப் பாங்ஸ் தெரிவு செய்த படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு, 1820 வரை 3 தொகுதிகளாக 300 படங்கள் வெளியாகின. செதுக்கிய கோடுகளில் மை நிரப்பி, ஈரப்படுத்திய தாளை வைத்து உருளையால் அழுத்தினால் கறுப்புக் கோட்டுப்படம் கிடைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக, கையால் நீர்வண்ணம் தீட்டினார்கள். ஆகவே ஒரே படத்தின் 2 பிரதிகள்கூட முழுக்க ஒன்றுபோல் இரா.

முதல் தொகுதியில் 15ஆவது படம் பாலை. 64ஆவது முதிரை. 71, 72 இரண்டும் பனை. பதுங்குகுழிக்கு மேல் பனங்குற்றி அடுக்கியவர்களுக்கும், முதிரைக் கடத்தல் செய்திகளை வாரந்தோறும் வாசிப்பவர்களுக்கும் இந்த வரிசை வெறும் அலங்காரப் படமாகத் தெரியாது. வரையப்பட்டவை வன்னியில் நின்ற மரங்கள் அல்ல, கடலுக்கு அப்பால் ஆந்திரக் கரையில் நின்றவை. இனம் ஒன்றே.

அந்தத் தாள்களில் வரைந்தவர்களின் பெயர் இல்லை. ரொக்ஸ்பரோ வரைவித்த 2,500க்கும் மேற்பட்ட மூல ஓவியங்கள் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. அவற்றை வரைந்த கைகளைப் பற்றி நூல் பேசாது. அடுத்த தலைமுறையில் சென்னையில் பணிபுரிந்த ரொபேர்ட் வைட் சற்று வேறானவர். தன் ஓவியர்களான ரங்கையா, கோவிந்து இருவரையும் பெயர் சொல்லிப் பதிவு செய்தார். 1853இல் ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டியும் இருக்கிறார். அந்தப் பெயர் பின்னர் வேறொரு பேரினத்துக்குள் அடக்கப்பட்டு வழக்கொழிந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வைட்டின் படங்கள் கல்லச்சில் வந்தவை. செப்புத்தகட்டு அச்சு என்று சொல்லி அவற்றை விற்றால் விற்பவருக்கு விடயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் மறைக்கிறார்.

புலம்பெயர் நாடுகளில் இருப்பவர்களுக்கு இத்தாள்கள் பழைய புத்தகக் கடைகளிலும் ஏலங்களிலும் கண்ணில் படும். அசலா என்று பார்க்க முதலில் விளிம்பைத் தடவுங்கள். செப்புத்தகடு அழுந்திய இடத்தில் படத்தைச் சுற்றி ஒரு பள்ளக்கோடு இருக்க வேண்டும் (ஓரம் வெட்டப்பட்ட தாளில் அது போயிருக்கலாம்). கல்லச்சில் அந்தக் கோடு இராது. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுங்கள். வண்ணம் முழுவதும் ஒரே ஒழுங்கில் அமைந்த நுண்புள்ளிகளாகத் தெரிந்தால் அது இக்கால அச்சு. கையால் தீட்டியதில் வண்ணம் சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். ஆனால் புள்ளி என்றாலே போலி என்றும் முடிவெடுக்கக் கூடாது. பிரெஞ்சு ஓவியர் ரெடூற்றேயின் நூல்களில் செதுக்குபவரே புள்ளி புள்ளியாகத்தான் குத்தியிருக்கிறார். அவை ஒழுங்கற்றவை, கண்ணாடியில் வேறுபாடு தெரியும்.

வண்ணத்தின் வயது இன்னொரு சிக்கல். ஹோர்ட்டூஸ் மலபாரிகஸ் (1678–1693), இலங்கைத் தாவரங்களைப் பற்றி யொஹானஸ் பேர்மன் 1737இல் வெளியிட்ட நூல் போன்றவற்றின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகவே வந்தன. அவற்றில் பளிச்சென்ற பச்சையைக் கண்டால் அது பிற்காலத்தில், விற்பனைக்காகப் பூசப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். தாள் பழையதுதான், வண்ணம் புதிது. விலை பேசும்போது இதைக் கேளுங்கள்.

வாங்குவதில் எனக்கொரு தயக்கமும் உண்டு. தனித்தாளாக விற்கப்படுபவற்றில் பல, முழு நூலை அறுத்துப் பிரித்தவை. 300 படங்களையும் ஒவ்வொன்றாக விற்பது முழு நூலை விற்பதை விட இலாபம் என்பதால் இது நடக்கிறது. 1981இல் யாழ். நூலகம் எரிந்ததை நினைவில் வைத்திருக்கும் சமூகம் இந்த அறுப்புக்குக் காசு கொடுப்பதா? ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் தாளை வாங்குவதில் தவறில்லை என்பவர்களின் நியாயமும் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நூலக முத்திரையோ, முத்திரையைச் சுரண்டிய தடமோ உள்ள தாளை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம்.

வாங்கியவர்கள் லாமினேற் செய்துவிடாதீர்கள். இடம்பெயர்வுகளில் எல்லாவற்றையும் இழந்த பிறகு, மிஞ்சிய பிறப்புச் சான்றிதழையும் படங்களையும் லாமினேற் செய்யும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. சூடும் பசையும் பழைய தாளுக்கு நஞ்சு, திருப்பி எடுக்கவும் முடியாது. அமிலமற்ற அட்டையில் வைத்து, வெயில் படாத சுவரில், ஈரச்சுவரில் முட்டாமல் மாட்டுங்கள். வன்னி வீடுகளில் கறையானையும் பார்க்க வேண்டும்.

பணம் இல்லாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ரொக்ஸ்பரோவின் நூல் பயோடைவேர்சிற்றி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையத்தில் முழுமையாக, இலவசமாகக் கிடைக்கிறது. படத்தைப் பெரிய அளவில் தரவிறக்கி அச்சிடலாம். ரொக்ஸ்பரோ தந்தவை தெலுங்குப் பெயர்கள். தமிழ்ப் பெயர்களுக்கு, பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூலைப் (1893–1900) பாருங்கள். சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் அவர் குறித்திருக்கிறார். அதில் இல்லாத ஊர்ப் பெயர் ஏதும் தெரிந்த பெரியவர்கள் அருகில் இருந்தால், கேட்டு அச்சுப்பிரதியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பேனை வேண்டாம், பென்சில் போதும்.