வண்டால் பறக்க முடியாதாமே!

மோட்டிவேஷன் பேச்சுகளில் தவறாமல் ஆஜராகும் ஒரு வண்டு உண்டு. ஏரோடைனமிக்ஸ் கணக்குப்படி அதால் பறக்கவே முடியாதாம். அந்த விஷயம் வண்டுக்குத் தெரியாததால் அது பாட்டுக்குப் பறந்துக்கிட்டு இருக்காம். ஃபார்வர்ட் மெயில் காலத்தில் ஆரம்பிச்சு வாட்ஸப் வரைக்கும் ஓடுது இந்தக் கதை. எனக்கு இதில் ஒரு எரிச்சல். கணக்குப் போட்டவங்க எல்லாரும் முட்டாள்னு முடிஞ்சிடுது. அந்தக் கணக்கைச் சரி பண்ண எழுபது வருஷம் உழைச்ச ஆட்களை யாரும் சொல்றதே இல்லை.

கதைக்கு மூலம் 1934-ல் பிரான்ஸில் வந்த ஒரு புத்தகம். பூச்சிகள் பறப்பதைப் பற்றி ஆந்துவான் மன்யான் எழுதியது. காற்றின் எதிர்ப்பு விதிகளைப் பூச்சிகளுக்குப் போட்டுப் பார்த்தால் பறப்பது சாத்தியமில்லைன்னு விடை வருதுன்னு முன்னுரையில் எழுதினார். கூட நின்று கணக்குப் போட்டவர் சேந்த் லாகூ என்ற கணித நிபுணர். (தேர்தலில் கட்சிகளுக்கு சீட் பிரிக்க அவர் சொன்ன முறையை நியூசிலாந்தும் ஜெர்மனியும் பயன்படுத்துகின்றன. ஆள் லேசுப்பட்டவர் இல்லை!) பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீ பிற்பாடு கதையில் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கணக்கு விமான இறக்கைக்கானது. அது அசையாது, காற்று அதன் மேல் சீராக ஓடும். பூச்சியின் இறக்கையோ முன்னும் பின்னும் வீசி, ஒவ்வொரு முனையிலும் புரண்டு திரும்புகிறது. தேனீ இதை நொடிக்கு 230 தடவை செய்கிறது. விடை தப்பாக வந்தால் மாடலைத்தான் சந்தேகப்படணும், பூச்சியை இல்லை.

இதில் எனக்குப் பிடித்த ஆள் டென்மார்க்காரர் டோர்கல் வைஸ்-ஃபோ. 1920-ல் நோபல் வாங்கிய ஆகஸ்ட் க்ரோக்கின் சீடர். பாலைவன வெட்டுக்கிளி மணிக்கணக்கில் பறக்க எரிபொருள் எங்கிருந்து வருதுன்னு குருவும் சீடரும் தேட ஆரம்பித்தார்கள். அதற்குக் கட்டியது கிட்டத்தட்ட நம்ம திருவிழா ராட்டினம். அதில் வெட்டுக்கிளிகளைத் தொங்கவிட்டால், அதுகளே பறந்து ராட்டினத்தைச் சுற்றும். க்ரோக் 1949-ல் இறந்துபோனார். முடிவுகள் 1951-லும் 1952-லும் வெளிவந்தன.

சும்மா உட்கார்ந்திருப்பதைவிடப் பறக்கும்போது வெட்டுக்கிளி பல பத்து மடங்கு ஆக்சிஜன் இழுக்கிறது. ரத்தம் வழியாகக் கொண்டுபோய் இதைச் சமாளிக்க முடியாது. உடம்புக்குள் ஓடும் காற்றுக்குழாய்கள் நேராகத் தசைக்கே கொண்டுபோய்க் கொடுக்கின்றன. எரிபொருள் முதலில் சர்க்கரை, தூரப் பயணத்துக்குக் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, சர்க்கரையில் 4 தான். சுமந்துகொண்டு பறக்கிறவனுக்கு எது லாபம்னு சொல்லத் தேவையில்லை. 1988 அக்டோபரில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய கூட்டங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியத் தீவுகளில் போய் இறங்கின.

1960-ல் வைஸ்-ஃபோ இன்னொன்றைக் கண்டுபிடித்தார். இறக்கை மூட்டில் ரப்பர் மாதிரி ஒரு புரதம், பேர் ரெசிலின். இறக்கை ஒரு பக்கம் போகும்போது இழுபட்டு, வாங்கின சக்தியில் சுமார் 97 சதவிகிதத்தைத் திருப்பித் தந்துவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் புதுசா செலவு பண்ண வேண்டாம்.

வேடிக்கை என்னன்னா, 1956-ல் அவரும் மார்ட்டின் ஜென்சனும் வெட்டுக்கிளிக்குப் போட்ட விமானப் பாணிக் கணக்கு ஒத்துவந்துவிட்டது! அதோடு திருப்தியாகி உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் விடவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத என்கார்சியா என்ற குட்டிக் குளவியை எடுத்துக்கொண்டார். அங்கே பழைய கணக்கு படுத்துவிட்டது. அது இரண்டு இறக்கைகளையும் முதுகுக்கு மேலே கைதட்டுகிற மாதிரி சேர்த்து, சட்டென்று பிரிக்கிறது. இடைவெளிக்குள் பாயும் காற்று இறக்கைகளைச் சுற்றிச் சுழன்று உடனே தூக்கிவிடுகிறது. இதை எழுதியது 1973-ல். இரண்டே வருஷத்தில் காலமானார்.

ஆனால் எல்லாப் பூச்சியும் கைதட்டுவதில்லை. 1996-ல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் எலிங்டன் குழு, புகையை விட்டு விட்டில் பூச்சியின் இறக்கையைப் பார்த்தது. முன்விளிம்பில் ஒரு குட்டிச் சுழல், வீச்சு முடியும்வரை உதிராமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. 1999-ல் மைக்கேல் டிக்கின்சன் குழு, பழ ஈயின் இறக்கையைப் பெரிதாக்கி எண்ணெய்த் தொட்டியில் மெதுவாக வீசவைத்தது. முனையில் புரளும்போதும், தான் கிளப்பிவிட்ட காற்றுக்குள்ளேயே திரும்ப நுழையும்போதும் கூடுதல் விசை கிடைப்பது அப்போது அளந்து தெரிந்தது.

2005-ல் டிக்கின்சனும் டக்ளஸ் ஆல்ட்ஷுலரும் மற்றவர்களும் தேனீக்கே வந்துவிட்டார்கள். மற்ற பல பூச்சிகளைவிடக் குறுகலாக, சுமார் 90 டிகிரிதான் அது வீசுகிறது; அதை வேகத்தில் ஈடுகட்டுகிறது. ஆக்சிஜனும் ஹீலியமும் கலந்த லேசான காற்றில் விட்டபோதும் தேனீக்கள் பறந்தன. அடிக்கும் வேகத்தை ஏற்றவில்லை, வீச்சை மட்டும் அகலமாக்கிக்கொண்டன :-)