முன்னால் நிற்க நண்பன் போதும்!

அச்சங்குளம் என்றதும் 2021 பிப்ரவரியில் நடந்த அந்தக் கோரமான பட்டாசு ஆலை விபத்துதான் ஞாபகம் வரும். இன்றைய இதே விருதுநகர் மாவட்டத்தில் சத்தமில்லாமல் வேறொரு திரியும் கொளுத்தப்பட்டது. 1928, மே 28... அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம் கிராமம். பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம். புரோகிதர் கிடையாது, மந்திரம் கிடையாது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது இதுதான்!

கோர்ட் சும்மா விடுமா? இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியென்றால் பிறந்த பிள்ளைகளின் கதி? 1967-ல் முதல்வர் அண்ணா இதற்கு முடிவு கட்டினார். இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று புதுப் பிரிவு சேர்க்கப்பட்டது. மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம்... ஏதாவது ஒன்று போதும். அதற்கு முன்பு நடந்த கல்யாணங்களும் செல்லும். யார் முன்னிலையில்? உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு யாராவது!

அந்த 'நண்பர்கள்' என்ற வார்த்தை லேசுப்பட்டதல்ல. கலிஃபோர்னியாவின் அலமேடா கவுன்ட்டியில் 1965-ல் சுமார் 7,000 பேரிடம், 'கல்யாணமாகிவிட்டதா? நண்பர்கள், சொந்தக்காரர்களோடு பழக்கம் உண்டா? ஏதாவது சங்கத்தில் இருக்கிறீர்களா?' என்றெல்லாம் விசாரித்தார்கள். ஒன்பது வருடங்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்றும் கணக்கெடுத்தார்கள். லிசா பெர்க்மன், லெனார்ட் சைம் இருவரும் 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். மனிதத் தொடர்பு ரொம்பக் குறைந்தவர்களிடம் இறப்பு விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல்! சிகரெட், வருமானம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

இப்போது, சாதி மாறிக் காதலித்த ஒரு ஜோடியை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, சித்தப்பா, ஊர் என்று பல பேர் ஒரே நாளில் செலவுக் கணக்கில் போய்விடுவார்கள். வரவில் மிஞ்சுவது நாலு நண்பர்கள்.

வக்கீல் அலுவலகத்தில் ரகசியமாக நடக்கும் கல்யாணம் செல்லாது என்று 2014-ல் உயர் நீதிமன்றம் சொன்னபோது, அந்த வழியும் அடைபட்டது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊரறியச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், எதிர்ப்புக்குப் பயந்து ஓடிவந்த ஜோடியின் உயிருக்கே ஆபத்து. வக்கீலும் ஒரு நண்பராக முன்னால் நிற்கலாம் என்றது.

சட்டத்துக்கு நண்பன் கல்யாணத்தன்று வந்தால் போதும். அலமேடா கணக்கு அப்புறம் வருகிற வருடங்களைப் பற்றியது. அன்றைக்கு முன்னால் நின்றவன், அடுத்த பொங்கலுக்கும் வந்து கதவைத் தட்டுகிறானா?