தொண்டைமானின் கிடங்கில் ஔவை பாடிய வாழ்த்து

புறநானூற்றின் 95ஆம் பாட்டு மொத்தமே ஒன்பது அடிதான். தமிழில் நாகரிகமாக ஒருத்தரை மட்டம் தட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

பாட்டின் கீழே, அது பாடப்பட்ட சூழலைச் சொல்லும் பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது. கொளு என்பார்கள். அதியமான் தூது அனுப்ப, ஔவையார் தொண்டைமானிடம் போனார், அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான், அப்போது பாடியது. அவ்வளவுதான் அதில் இருக்கும் செய்தி. தொண்டைமான் வெட்கப்பட்டுப் போரைக் கைவிட்டான் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். அது பாட்டிலும் இல்லை, கொளுவிலும் இல்லை.

நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. பகை அரசனின் ஊர். சுற்றிலும் அவன் ஆட்கள், அவன் வேல்கள். வந்திருப்பதோ தூதுக்கு. திட்டினால் தூது கெடும், ஒருவேளை தலையும் போகும். பணிந்து பேசினாலோ, அதியமானுக்குப் பயம் என்று ஆகிவிடும்.

ஔவை என்ன செய்கிறார்? கண் முன்னால் இருப்பதை வர்ணிக்கிறார். இங்கே இருக்கும் வேல்களுக்கு மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, காம்பைத் திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள பெரிய அரண்மனையில் வைத்திருக்கிறார்கள். அங்கே எங்கள் அரசனுடையவையோ, பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையின் சின்னக் குடிசையில் கிடக்கின்றன.

இதில் ஒரு வசைச்சொல் கூட இல்லை. ஒரு பொய்யும் இல்லை. கொட்டில் பளபளவென்று இருப்பது தொண்டைமானே பெருமையாகக் காட்டிய விஷயம். அதை மறுக்க அவனால் முடியாது. (எங்கள் தொழிலில் இதே ரகம் ஒன்று உண்டு: 'உங்க சர்வர் ரொம்ப வேகமா இருக்கே, யாரும் லாகின் பண்றதில்லையா?')

இன்னொரு விஷயம். பாட்டுகளுக்குத் துறை வகுத்தவர்கள் இதை வாண்மங்கலம் என்ற துறையில் வைத்திருக்கிறார்கள். அரசனின் படைக்கலத்தை வாழ்த்துவது. கொஞ்சம் குழப்பமாக இல்லை? யாருடைய ஆயுதத்துக்கு வாழ்த்து? பாட்டு முடிவது அதியமானின் வேலில். ஆக, தொண்டைமானின் கிடங்குக்குள்ளேயே நின்றுகொண்டு, அங்கே இல்லாத ஒரு வேலுக்கு மங்கலம் பாடியிருக்கிறார். வகைப்படுத்தியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் இந்த வித்தையை அணிகளுக்குள் கொண்டுவந்தார்கள். தண்டியலங்காரம் புகழ்வது போலப் பழிப்பதையும், பழிப்பது போலப் புகழ்வதையும் சொல்கிறது. வஞ்சப்புகழ்ச்சி என்று நாம் படித்தது அதைத்தான்.

காளமேகம் இதில் வேறு ரகம். தண்ணி மோர் விற்ற ஆய்ச்சியைப் பார்த்து அவர் பேசியதாகச் சொல்லும் தனிப்பாடலில் திட்டு வாங்குவது மோர்தான்: வானத்தில் மேகம், தரையில் நீர், ஆய்ச்சியர் கைக்கு வந்ததும் மோர், மூன்று பெயரையும் நீ வாங்கிவிட்டாயே என்று. நாகப்பட்டினம் காத்தான் சத்திரக் கதை இன்னும் பிரபலம். சூரியன் மறையும்போது அரிசி வரும், ஊர் அடங்கும்போது உலையில் போடுவார்கள், ஓர் அகப்பை இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும் என்று பாடுகிறார். காத்தான் கெஞ்ச, அதே சொற்களுக்கு வேறு பொருள் சொல்லிப் பாட்டையே வாழ்த்தாக மாற்றினார் என்கிறது கதை. ஊர் அடங்குவது என்றால் ஊரார் பசி அடங்குவது. அந்தச் சோற்றின் வெண்மைக்கு முன்னால் வெள்ளி எழுந்து ஓடிவிடும்!

ரசிக்க வைக்கும் வித்தை, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே வேலை செய்வது சொல்லின் இரட்டைப் பொருள். அதனால் திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடிந்தது. ஔவை பாட்டில் அந்த வசதி இல்லை. தொண்டைமான் எவ்வளவு கெஞ்சினாலும் நெய் பூசிய வேலுக்கு வேறு அர்த்தம் சொல்ல முடியாது.

பாட்டின் கடைசிப் பகுதியை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். வேல்களைப் பற்றிய பேச்சு திடீரென்று சோற்றுக்குத் தாவுகிறது. எங்கள் அரசன் இருக்கும்போது உணவு கொடுப்பான், இல்லாதபோது இருப்பதைக் கூட உட்கார்ந்து பகிர்ந்து உண்பான், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் என்கிறார் ஔவை. ஆயுதக் கிடங்கில் இந்தப் பேச்சு எதற்கு? அவ்வளவு நேரமும் வேல்களை மட்டும் ஒப்பிட்டுப் பேசியவர், இப்போது அதைப் பிடிக்கும் கைகளைப் பற்றிப் பேசுகிறார். காவல் போட்ட அரண்மனையில் வேல் நிறைய இருக்கு. உன்னோடு பட்டினி கிடந்து, உனக்காகப் போய்க் குத்த எத்தனை பேர் இருக்காங்க? அந்தக் கேள்வியை ஔவை கேட்கவே இல்லை. தொண்டைமானுக்குக் கேட்டிருக்கும்.