திங்கட்கிழமை இளைப்பு: மருத்துவப் பட்டத்தோடு பொதுச் சுகாதாரப் பட்டம் – ஒரு கொங்குநாட்டு வாதம்

கொங்குநாட்டு வெள்ளகோவிலைச் சுற்றி விசைத்தறிக் கூடங்களும், கழிவுப் பஞ்சைக்கூட நூலாக்கிவிடும் ஓ.இ. மில்களும், கொப்பரை காயும் உலர்களங்களும் உண்டு. மில்லில் பஞ்சை உடைத்துக் கொடுக்கும் பகுதியில் நிற்கும் தொழிலாளி ஒருவர் இளைப்போடு வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் பீடிப் பழக்கம் கேட்பார், சளிப் பரிசோதனைக்கு எழுதுவார், காசநோய் இல்லையென்றால் இன்ஹேலர் கொடுத்து அனுப்புவார். இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ‘எந்தக் கிழமையில் நெஞ்சு அதிகமாகப் பிடிக்கிறது?’ என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

பஞ்சுத்தூசி நோயின் தொடக்கநிலை அடையாளமே அந்தக் கிழமைதான். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். வாரம் நகர நகரத் தளரும். நோய் முற்றிய பிறகுதான் எல்லா நாளும் ஒன்றாகிறது. 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் இந்தக் கிழமைக் கேள்வியை வைத்தே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். கேட்க அரை நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். ஆனால் ஒரு நோயாளியை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கேள்வி தோன்றாது. அவரோடு அதே பகுதியில் நிற்கும் மற்றவர்களையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்பவருக்கே தோன்றும். மருத்துவப் பட்டத்தோடு பொதுச் சுகாதாரப் பட்டமும் வேண்டும் என்போர் கேட்பது இந்தக் கண்ணைத்தான். கேட்பது நியாயம். அதைப் பெறச் சொல்லப்படும் வழி நமக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அமெரிக்க வார்ப்பை அப்படியே எடுத்து இங்கே ஊற்ற முடியாது என்பதும், பட்டத்தை ஓர் ஊரோடும் ஒரு பதவியோடும் கட்டாவிட்டால் அது சுவரில் மாட்டும் சட்டமாகவே நிற்கும் என்பதும் என் வாதம்.

அமெரிக்காவில் இரட்டைப் பட்டம் ஏன் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1915-இல் ராக்கஃபெல்லர் நிதியத்துக்காக வெல்ச்சும் ரோஸும் எழுதிய அறிக்கை, பொதுச் சுகாதாரத்துக்குத் தனிக்கல்வி நிலையம் வேண்டும் என்றது. அதன் வழியே 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தனிப் பள்ளி வந்தது. மற்றவையும் அதே வார்ப்பில் எழுந்தன. மருத்துவக் கல்லூரி ஒரு கட்டடம், பொதுச் சுகாதாரப் பள்ளி வேறொரு கட்டடம் என்றாயிற்று. பிரிந்த துணியைப் பின்னாளில் தைத்த தையல்தான் எம்.டி.–எம்.பி.எச். (மருத்துவம், பொதுச் சுகாதார முதுநிலை) இரட்டைப் பட்டம்: நான்காண்டு மருத்துவப் படிப்போடு ஓராண்டு சேர்த்து, ஐந்தாண்டில் இரண்டு. அங்கே இது எளிது. மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும்போதே மாணவர் கையில் ஓர் இளநிலைப் பட்டம் இருக்கிறது.

நம் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நீட் எழுதி, நேராக எம்.பி.பி.எஸ். சேர்கிறார். எம்.பி.எச். முதுநிலைப் பட்டம், அதற்கு இளநிலை முடித்திருக்க வேண்டும். இரண்டையும் ‘ஒருசேர’ படிக்க நம் படிப்பு அடுக்கிலேயே இடமில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழி திறந்தபோது இனி எதுவும் முடியும் என்ற பேச்சு எழுந்தது. தொழிற்கல்விக்கு அந்தந்த மன்றத்தின் விதிகளே எல்லை என்பதும், நுழைவுத் தகுதியை அந்த அறிவிப்பு தளர்த்தவில்லை என்பதும் அந்தப் பேச்சில் காணாமல் போயின. இங்கே இரட்டைப் பட்டம் உண்மையில் பொருந்தும் இடம் முதுநிலை: எம்.டி., எம்.எஸ்சி. நர்சிங், எம்.டி.எஸ்., எம்.பி.டி. படிப்பவர்களிடம். இதை மறந்து இளநிலை மாணவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தமிழ்நாட்டுக்கு வேறொரு வரலாறு இருப்பதையும் மறக்கக் கூடாது. ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அந்தக் காலத்தில் உருவான 1939-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டுக்கே முன்னோடி. விடுதலைக்குப் பின் பிற மாநிலங்கள் மருத்துவப் பணியையும் சுகாதாரப் பணியையும் ஒரே இயக்ககத்தில் கரைத்தன. இங்கே பொதுச் சுகாதார இயக்ககம் தனி நிதியோடும் தனிப் பணியாளர் வரிசையோடும் நின்றது. மோனிகா தாஸ் குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் உலக வங்கிக்காக எழுதிய ஆய்வு, தமிழ்நாட்டின் சுகாதார நிர்வாக வலிமைக்கு இந்தத் தனி வரிசையை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. அந்த வரிசையில் மேலேறும் மருத்துவர் பொதுச் சுகாதாரப் பட்டயம் (டி.பி.எச்.) பெற்றாக வேண்டும். முதலில் எம்.பி.பி.எஸ்., பிறகு ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு டி.பி.எச்., பிறகு மாவட்டப் பொறுப்பு. இரண்டு தகுதிகளும் ஒரே ஆளிடம் சேர்கின்றன; ஆனால் நடுவில் ஓர் ஊர் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணும் எந்தக் கிராமத்திலிருந்து வந்தது என்று தெரிந்தபின் அவர் புள்ளியியல் படிக்கிறார். ‘இரட்டைப் பட்டம்’ என்ற பெயர் இல்லாமலே தமிழ்நாடு இதைச் செய்து வந்திருக்கிறது என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

இந்த வரிசைமுறைக்கு வெளியே சான்று வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி போதும். அபய் பங் பொது மருத்துவத்திலும் ராணி பங் மகப்பேறு மருத்துவத்திலும் பட்டமேற்படிப்பு முடித்து, வார்தா பக்கத்துக் கிராமங்களில் பணியாற்றி, அதன் பிறகே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எம்.பி.எச். முடித்தார்கள். ஊர் திரும்பி 1986-இல் கட்சிரோலியில் ‘சர்ச்’ (SEARCH) அமைப்பைத் தொடங்கினார்கள். ராணி பங் இரண்டு கிராமங்களின் பெண்களைப் பரிசோதித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில் 92 சதவீதத்தினருக்குப் பெண்நோய்க் கோளாறு இருந்தது. அதற்கு முன் அவர்களில் 8 சதவீதத்தினரே பரிசோதனை செய்துகொண்டவர்கள். மருத்துவமனைக் கதவுக்குள் வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. கிராமத்தை மட்டும் எண்ணத் தெரிந்து, பரிசோதிக்கத் தெரியாமல் இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது. பத்தாண்டு கழித்து வந்த, வீட்டுக்கே சென்று பச்சிளங் குழந்தையைப் பராமரிக்கும் முறை பற்றிய ஆய்வு, 39 கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் முதல் மாத இறப்பு மூன்றாம் ஆண்டில் 62 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. இரண்டு பட்டங்களும் ஒரே தலையில் இருந்ததன் பயன் இது. ஆனால் அவை ஒரே ஆண்டில் வாங்கியவை அல்ல.

எதிர்வாதம் ஒன்றுண்டு, வலுவானது. வேலையில் சேர்ந்த பிறகு படிக்கட்டும் என்றால், எத்தனை பேர் அந்த வரிசையில் சேர்வார்கள்? தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெரும்பான்மையினர் கிழமைக் கேள்வி தெரியாமலே போய்விட மாட்டார்களா? போவார்கள்தான். ஆனால் அதற்கு மருந்து பட்டம் அல்ல, எம்.பி.பி.எஸ். பாடத்துக்குள் இருக்கும் சமுதாய மருத்துவத்தை ஒழுங்காகக் கற்பிப்பது. 1946-இல் போர் (Bhore) குழு மருத்துவரைச் சமுதாய மருத்துவராகக் காண விரும்பியது. இன்று ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டம். படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்கும் சடங்காக அது சுருங்கும் இடத்தில் எம்.பி.எச். சேர்த்தாலும் இன்னொரு படிவமே சேரும்.

வெளிநாடு போக ஏணியாக எம்.பி.எச். படிப்பவர்களைப் பற்றிக் குறைசொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பல் மருத்துவர்கள் பலர் அப்படிப் போகிறார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். இங்கே அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் நாற்காலி எது? மாவட்டச் சுகாதாரப் பொறுப்பு எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கே உரியது. எம்.பி.எச். முடித்த செவிலியரும் பல் மருத்துவரும் சித்த மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் தற்காலிகத் திட்டப் பணிகளுக்குள் ஒதுங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, பொதுச் சுகாதார மேலாண்மைப் பணிவரிசையில் செவிலியம் உள்ளிட்ட பல துறையினரும் இடம்பெற வேண்டும் என்றது. வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது அதில் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் நேரடியாகக் களமிறங்கினார்கள். தெருவில் நிற்பவர்கள் அவர்கள். தெருவைக் கணக்கிடும் பதவியில் அவர்களுக்கு இடமில்லை. இரட்டைப் பட்டத்தால் உண்மையில் பயன்பெறக்கூடியவர்கள் மருத்துவரைவிட இவர்களே என்பது என் கணிப்பு.

வெள்ளகோவிலுக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் பெருந்துறையிலும் திருப்பூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. திருப்பூர்க் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. எம்.டி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவ அமைப்பில் பணியாற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உண்டு. அந்த மூன்று மாதத்தையும் எம்.பி.எச். ஆய்வேட்டையும் ஒரே நகராட்சியில் கட்டினால், மாணவர் இருமுறை ஊர் தேட வேண்டியதில்லை. மேற்படிப்பு இடங்களில் அரசுப் பணியில் இருப்போருக்கு ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சேவையில் இருப்பவரைக் கல்லூரிக்கு அனுப்பி மீண்டும் அதே ஊருக்கு அழைத்துக்கொள்ளும் வழி அடைபட்டிருக்கவில்லை.

வெள்ளகோவில் பக்கத்தில் ஆய்வுப் பொருளுக்கும் பஞ்சமில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தின் கடைமடையில் நீர் வரும் மாதத்துக்கும் வராத மாதத்துக்கும் இடையே குடிநீர் எப்படி மாறுகிறது? ஞாயிறுதோறும் கொள்முதலுக்கு வரும் முருங்கைக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் கைகளுக்கு என்ன ஆகிறது? உலர்களத்தில் கந்தகப் புகை போடும் வழக்கம் இருக்குமிடத்தில் அங்கேயே குடும்பத்தோடு தங்கும் கூலியாட்களின் குழந்தைகளுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? பஞ்சுத்தூசி நோய் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லியே இடம்பெற்றது. தொழில்நோயைக் கண்டால் தெரிவிக்க வேண்டிய கடமையை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவு மருத்துவர் மீது வைத்தது. ஆனால் நோய் என்று எழுதப்படாததைத் தெரிவிக்க முடியாது.

எனவே கிழமைக் கேள்விக்கே திரும்புகிறேன். மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி வெள்ளகோவில் வீரக்குமாரசாமி கோவில் தேர்நோம்பி. கூட்டம் கூடும் திருவிழாக்களில் குடிநீரும் கழிப்பிடமும் தொற்றுத்தடுப்பும் யார் பொறுப்பு என்பதற்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தனி அத்தியாயம் உண்டு. மாணவரின் முதல் களப்பாடம் அங்கேயே கிடைக்கும். இரண்டாவது பாடம் நோம்பி முடிந்த பிறகு. நோம்பிக்கு விடுமுறை விட்ட மில் மீண்டும் திறக்கும் முதல் காலை, ஷிஃப்ட் தொடங்கும் முன்பு ஒருமுறையும் முடிந்ததும் ஒருமுறையும், வாசலில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொருவரையும் ஊதச் சொல்லி அளவு எழுதிக்கொள்ள வேண்டும். அதே ஆட்களை நான்கு நாள் கழித்து மறுபடியும்.