குழந்தைகளோடு முதல் வெளிநாட்டுப் பயணம்: கடன் வாங்காமல் திட்டமிடுவது எப்படி?

பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பகுதிகளில் வெளிநாடு என்றால் பெரும்பாலும் வேலைதான். வீட்டில் ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். வழியனுப்பவும் அழைத்து வரவும் குடும்பமே வேன் பிடித்துத் திருச்சி விமான நிலையம் வரை போகும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பும். "நாம எப்ப அத்தா உள்ளே போறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

எங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி வந்தது. ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு நான்கு இரவுகள் கோலாலம்பூர் போய் வந்தோம். சில விஷயங்களைச் சரியாகச் செய்தோம், சிலவற்றில் தவறினோம். இரண்டையும் சேர்த்து, நம் பகுதிக் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தருகிறோம்.

முதலில் தொகை, பிறகு நாடு

பலர் முதலில் ஊரை முடிவு செய்கிறார்கள், பிறகு பணத்துக்கு அலைகிறார்கள். நகை அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது "இப்போது பயணம், பிறகு தவணை" என்ற விளம்பரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஐந்து நாள் மகிழ்ச்சிக்கு இரண்டு வருடம் வட்டி கட்டுவது நமக்கு மார்க்கப்படியும் கூடாது, குடும்பக் கணக்குக்கும் ஒத்து வராது.

ஆகவே மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதை முதலில் பாருங்கள். மாதம் 7,000 ரூபாய் வீதம் 18 மாதம் சேர்த்தால் 1,26,000 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பம் பக்கத்து நாடு ஒன்றுக்குச் சிக்கனமாகப் போய்வர இது போதும். சேராவிட்டால் பயணத்தை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

எந்த நாடு?

சிறு பிள்ளைகளோடு போகும்போது நேரடி விமானம், விசா சிக்கல் இல்லாமை, பழகிய உணவு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

மலேசியா: திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. பயண நேரம் ஏறத்தாழ நான்கு மணி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா போகலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை அறிவிக்கப்பட்டுள்ளது. ஹலால் உணவும் தமிழ் பேசும் மக்களும் எங்கும் உண்டு.

இலங்கை: செலவு இன்னும் குறையும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் 2025 மார்ச் மாதம் நேரடி விமானம் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டது. நம் மாவட்டத்துக்குப் பக்கத்துத் துறைமுகம் என்பதால் இது நல்ல வழி. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நிறுத்தப்படும். கடல் பயணம் சில பிள்ளைகளுக்கு வாந்தியும் தரும். இ.டி.ஏ. என்ற முன் அனுமதியின் விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் வாரத்தில் இலங்கை அரசின் தளத்தைப் பாருங்கள்.

சிங்கப்பூர்: பிள்ளைகளுக்கு அருமையான ஊர். ஆனால் விசா தேவை, தங்கும் அறையும் விலை அதிகம். அங்கே உறவினர் வீடு இருந்தால் மட்டும் முதல் பயணத்துக்கு யோசிக்கலாம்.

எந்த நாடானாலும் முதல் முறை ஒரே ஊரில் தங்குவது நல்லது. ஒரே பயணத்தில் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று மூன்றையும் சேர்த்தால் பிள்ளைகள் பார்ப்பது பேருந்து இருக்கைகளைத்தான்.

பாஸ்போர்ட்: ஆறு மாதம் முன்பே

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், 18 வயதுக்குட்பட்டோருக்கு 1,000 ரூபாய். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் புதிய விண்ணப்பத்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மொத்தம் 4,800 ரூபாய். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 வருடம் செல்லும், சிறு பிள்ளைகளுடையது 5 வருடம்தான். மலேசியாவுக்குள் நுழையும் நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மீதமிருக்க வேண்டும். நாட்டின் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்க 2018 முதல் வசதி இருப்பதால், எங்கே விரைவில் நாள் கிடைக்கிறதோ அங்கே பதியலாம்.

நம் வீடுகளில் பெரிய தொல்லை பெயர்தான். "முஹம்மது" என்பதை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளிக்கூடத்தில் ஒரு விதம். எங்கள் மகள் விஷயத்தில் இதைக் கவனிக்காமல் போனோம். திருத்தம் செய்து முடிக்க இரண்டு மாதம் ஆனது, பார்த்து வைத்திருந்த மலிவு டிக்கெட்டும் கை நழுவியது. நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் உடனே சேருங்கள். பிறந்து ஓராண்டுக்குள் கட்டணம் இல்லை, அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம்.

2. பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் திருத்த முடியும். விருத்தாசலம் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்குப் பெண்ணாடம் பேரூராட்சியில் கேட்டால் கிடைக்காது.

3. பெற்றோர் பெயரின் எழுத்துகள் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

4. முதலெழுத்தோடு நிறுத்தாமல் தந்தை பெயரை முழுமையாக எழுதி, இரண்டு பகுதியாகப் பெயரைப் பதியுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்ததால் 2022 நவம்பர் முதல் அமீரகப் பயணத்தில் பலர் சிக்கலுக்கு ஆளானார்கள். இன்று மலேசியா போகும் பிள்ளை நாளை அமீரகமும் போகும்.

5. பிள்ளைகளின் விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தந்தை வெளிநாட்டில் வேலையில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிட்ட உறுதிமொழி தேவைப்படும். அவர் விடுமுறையில் ஊரில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடுவது எளிது.

6. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைக் கையில் கொண்டு போங்கள்.

டிக்கெட் போடும்போது

மலிவு விமானங்களில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் உட்கார்ந்து போகலாம், ஒரு சிறு கட்டணம் மட்டுமே. இரண்டு வயது முடிந்துவிட்டால் பெரியவர்களுக்கான அதே கட்டணம்தான். திரும்பும் நாளிலும் இரண்டு வயது முடியாமல் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எங்கள் மகனுக்கு நாங்கள் முழுக் கட்டணம் கட்டினோம்.

மே விடுமுறையிலும் பெருநாளை ஒட்டியும் விலை ஏறும். பள்ளிகளின் காலாண்டு விடுமுறை பெரும்பாலும் நல்ல நேரம். இரண்டு மூன்று மாதம் முன்பே போடுங்கள். திரையில் காட்டும் விலையில் பெட்டிக் கட்டணம் சேராது. பெரும்பாலும் கையில் 7 கிலோ மட்டுமே இலவசம். நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய பெட்டிக்குப் பணம் கட்டினால் போதும்.

பெண்ணாடம் ரயில் நிலையம் விழுப்புரம் - திருச்சி நேர்வழிப் பாதையில் இருப்பது நமக்கு வசதி. திருச்சி ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் சுமார் 5 கிலோமீட்டர். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். நள்ளிரவு விமானமாக இருந்தால் மாலையே போய்விடுவது பிள்ளைகளுக்கு நல்லது.

ஒரு மாதிரிக் கணக்கு

நான்கு பேர், நான்கு இரவு, கோலாலம்பூர். கணக்குப் போடும் முறைக்காக மட்டுமே இந்த எண்கள். உங்கள் தேதிக்குரிய விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட் (4 x 14,000): 56,000
பெட்டிக் கட்டணம், இரு வழி: 7,000
தங்கும் அறை (4 x 3,500): 14,000
சாப்பாடு (5 x 2,500): 12,500
உள்ளூர்ப் போக்குவரத்து: 8,000
நுழைவுக் கட்டணங்கள்: 6,000
பயணக் காப்பீடு, சிம் கார்டு: 4,000
பெண்ணாடம் - திருச்சி போக வர: 2,500
அவசரக் கையிருப்பு: 10,000
மொத்தம்: 1,20,000 ரூபாய்

வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு மலேசியாவில் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல். காப்பீட்டைத் தவிர்த்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவமனையில் ஒரே இரவு தங்கினால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும். மேலே எழுதிய 10,000 ரூபாயைத் தனி உறையில் வையுங்கள். செலவாகாமல் திரும்பினால் அதுவே அடுத்த பயணத்தின் முதல் சேமிப்பு.

போய் இறங்கிய பிறகு

மலேசியா போகும் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும் கூட, வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது இடைத்தரகர் தளம், மூடிவிடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு ரயிலில் பெரியவர் ஒருவருக்கு 55 ரிங்கிட். பேருந்து மிக மலிவு. நான்கு பேரும் தூங்கி வழியும் பிள்ளைகளும் என்றால் கிராப் கார்தான் சரி. நகருக்குள் எல்.ஆர்.டி. ரயில் போதும். கே.எல். சென்ட்ரல், மஸ்ஜித் ஜாமிக், கே.எல்.சி.சி. மூன்றும் ஒரே தடத்தில் வருகின்றன. இந்தத் தடத்தின் அருகில் அறை எடுத்தால் போக்குவரத்துச் செலவு பாதியாகும்.

எங்கள் பெரிய தவறு முதல் நாளில் நடந்தது. இரவு விமானத்தில் சரியாகத் தூங்காத பிள்ளைகளை அன்றே நான்கு இடங்களுக்கு இழுத்துப் போனோம். மாலையில் மகனுக்குக் காய்ச்சல். மறுநாள் முழுவதும் அறையிலேயே கிடந்தோம், முன்பதிவு செய்த நுழைவுச் சீட்டும் வீண். அதன்பின் காலையில் ஓர் இடம், மதியம் தூக்கம், மாலையில் ஒரு பூங்கா என்று மாற்றிக்கொண்டோம்.

பணம் அதிகம் வாங்காத இடங்களே பிள்ளைகளுக்குப் பிடித்தன. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தின் உச்சிக்குப் போகக் கட்டணம் உண்டு. அடிவாரத்திலுள்ள பூங்கா, விளையாட்டுத் திடல், பிள்ளைகள் கால் நனைக்கும் குளம் ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909-இல் கட்டப்பட்ட மஸ்ஜித் ஜாமிக், 1965-இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசல், பெர்டானா தாவரவியல் பூங்கா ஆகியவற்றையும் செலவில்லாமல் பார்க்கலாம். பெரிய கடை வளாகங்களில் "சூராவ்" என்ற பெயரில் தொழுகை அறை இருக்கும். பிற்பகலில் இடியோடு மழை வருவது அங்கே வழக்கம், குடையில்லாமல் வெளியே போகாதீர்கள்.

சாப்பாட்டுக்கு "மாமாக்" கடைகளைத் தேடுங்கள். நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த கடைகள் அவை. ரொட்டி சானாய், நாசி கண்டார், தே தாரிக் எல்லாம் கிடைக்கும். எங்கள் மகள் பரோட்டாவைப் பார்த்ததும் வீட்டுக்கே வந்துவிட்டது போலச் சாப்பிட்டாள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மருத்துவரின் சீட்டு, ஒரு மாற்று உடை, பிஸ்கட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல். பவர் பேங்கைப் பெட்டியில் போடக்கூடாது, கையில்தான். விமானம் இறங்கும்போது காது வலிக்கும். அந்த நேரத்தில் பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

ஏஜென்ட் மூலம் போவதானால்

டிக்கெட், அறை, சாப்பாடு, வாகனம், நுழைவுச் சீட்டு, வரி எனத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்கினால் வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். முழுப் பணத்தையும் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம். டிக்கெட்டின் பதிவு எண்ணை விமான நிறுவனத் தளத்தில் நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

திரும்பி வந்த அன்று திருச்சியில் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வரும்போது, யாரையோ வரவேற்க நின்ற பிள்ளைகளைப் பார்த்து எங்கள் மகள் கையசைத்தாள். வந்த பிறகு எந்தக் கடனும் எங்களைத் தேடி வரவில்லை. உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வி எழுந்திருந்தால், இன்றே பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பெயரைச் சரிபாருங்கள். மற்றவை இன்ஷா அல்லாஹ் ஒவ்வொன்றாக நடக்கும்.