பேச இயலாதவருக்காகப் பேசுபவர் யார்?

கருணைக்கொலையைக் குறித்துத் திருச்சபையில் நாம் பேசும்போது, கொலையைத் தடைசெய்யும் கட்டளையைச் சுட்டிக்காட்டுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். கட்டளை நிலையானதே. ஆயினும், தம் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாது கிடக்கும் நோயாளிக்காக முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவுக்கு, அக்கட்டளை ஒன்றைமட்டும் கொண்டு விடை காணல் அரிது. இவ்வினா நம் நாட்டு நீதிமன்றத்தின்முன் எழுந்த வரலாற்றை ஆயர்கள் அறிந்திருத்தல் நலம்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27ஆம் நாள் அங்கிருந்த ஊழியன் ஒருவனால் கொடுமையாகத் தாக்கப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டு மூளைக்குப் பிராணவாயு தடைப்பட்டமையால், பேச்சிழந்து படுக்கையில் வீழ்ந்தார். அவர் நிலைகண்டு இரங்கிய எழுத்தாளர் பிங்கி விரானி, உணவூட்டுவதை நிறுத்தி அவரை அமைதியாக மரிக்கவிட வேண்டுமென்று 2009இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். மருத்துவமனைச் செவிலியரோ இதனை எதிர்த்தனர். பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களும் மூத்தோரிடமிருந்து அப்பொறுப்பை ஏற்று, அவரைப் பேணிவந்தனர். 37 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவருக்குப் படுக்கைப்புண் உண்டாகவில்லை என்பதைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

2011 மார்ச் 7ஆம் நாள், நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா ஆகியோர் அம்மனுவைத் தள்ளினர். மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது குற்றம் என்றும், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை உயர்நீதிமன்றத்தின் ஒப்புதலோடு அனுமதிக்கலாம் என்றும் வகுத்தனர். விரானியின் நல்லெண்ணத்தை மதித்தபோதிலும், அருணாவுக்காக முடிவுசெய்யும் உரிமை அவரை இரவும் பகலும் பராமரித்த மருத்துவமனைப் பணியாளருக்கே உரியது என்றனர். 2015 மே 18ஆம் நாள் அருணா நிமோனியாவால் மரித்தார்.

2018 மார்ச் 9ஆம் நாள், ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, மாண்போடு மரிப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்த்தது; ஒருவர் தம் இறுதிச் சிகிச்சையைக் குறித்து முன்னதாகவே எழுதிவைக்கவும் வழிவகுத்தது. ஆனால் அவ்வாவணத்தில் குற்றவியல் நடுவர் மேலொப்பமிட வேண்டுமென்ற விதி, அதனை நடைமுறையில் எட்டாததாக்கிற்று. 2023இல் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவுபெற்ற அதிகாரியின் சான்று போதுமென விதி தளர்த்தப்பட்டது.

சட்டம் எளிதானதால் அறச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பராமரிப்போரின் அன்பும் பராமரிக்கப்படுவோரின் விருப்பமும் ஒன்றே என்று நாம் கொள்ள இயலாது. அருணாவின் விருப்பத்தை அறிந்தவர் எவருமில்லை. மறுபுறம், கடனில் மூழ்கிய குடும்பத்தில், பிள்ளைகளுக்குப் பாரமாயிருக்க அஞ்சும் முதியவர் இடும் கையொப்பத்தைத் தன்னுரிமையான தெரிவு என்று கூறவும் தயங்குகிறோம்.

இவ்விரு அபாயங்களுக்கும் இடையிலேதான் ஆயரின் ஊழியம் அமைகிறது. மரணத்தைப்பற்றிப் பேசுவது அபசகுனம் என்றெண்ணும் இல்லங்களில், நலமாயிருக்கும் நாளிலேயே அப்பேச்சைத் தொடங்கிவைப்பது அவர் கடன். செலவையும் கண்விழிப்பையும் பகிர்ந்துகொள்ளாத சபை, சிகிச்சையை நிறுத்தும் குடும்பத்தைக் கண்டிக்குமாயின், அச்சொல்லுக்கு வலிமை ஏது? யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தவரையில் தவறு செய்யவில்லை; தீர்ப்புரைக்கத் தொடங்கியபோதே தவறினர். படுக்கையருகே அமர்ந்தவருக்கே பேசும் உரிமை என்பதை அச்செவிலியர் நமக்குக் கற்பித்துள்ளனர்.